அம்மாவின் இரண்டு விசாவும் ஒரு பால் கணக்கும்

செப்டம்பர் 18, 2025, வியாழன். குடியாத்தம்

கார் ஐந்து மணிக்குத்தான் வரும், அம்மா மதியம் இரண்டுக்கே புடவை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாச்சு. பெட்டி இரண்டு, கைப்பை ஒன்று, அது போக ஒரு மஞ்சப்பை. அதில் என்ன என்று கேட்டால் "பேப்பர்டா, உனக்கு இன்னாத்துக்கு" என்று மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறார்.

தங்கச்சி ஜெர்மனியில் ஆஃபன்பாக்கில் இருக்கிறாள், ஃபிராங்க்ஃபர்ட்டை ஒட்டிய ஊர். மே மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க அம்மா ஏப்ரல் 22-ஆம் தேதி போய் ஜூன் 24-ஆம் தேதி திரும்பினார், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைக்கூட விட்டுவிட்டு. இப்போது மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் அமெரிக்கா போகிறார், கைக்குழந்தையோடு அவள் தனியாக இருக்கப்போகிறாள் என்பதால் மறுபடி பயணம். இந்தத் தடவை நானும் கூட.

எனக்கு ஒரே விசா, போகிற நாளும் வருகிற நாளும் அதற்குள் அடங்கிவிடும். அம்மாவுக்குத்தான் இரண்டு. பழைய ஒரு வருட மல்டிபிள் என்ட்ரி விசா, அதாவது பலமுறை போய்வரக்கூடியது, செப்டம்பர் 28-ஆம் தேதி வரைக்கும், புதியது செப்டம்பர் 29-இலிருந்து இரண்டு வருடத்துக்கு. நாங்கள் திரும்புவது அக்டோபர் 7. உள்ளே நுழைவது ஒரு விசாவில், வெளியே வருவது இன்னொரு விசாவில். போதாததற்கு பழைய பாஸ்போர்ட் முடியப்போகிறது என்று ஜூலையில் புதுப்பித்தோம், அதனால் பழைய விசா மூலை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டிலும் புது விசா புது பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் ரத்தானாலும் அதிலுள்ள விசா ரத்தாகாது, இரண்டு புத்தகமும் கையில் இருந்தால் சரி.

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம், ஜெர்மனியும் அதில் ஒன்று. இரண்டு ஷெங்கன் விசா ஒரே நாளில் உயிரோடு இருக்கக் கூடாது என்பது சட்டம். கையில் ஒன்று இருக்கும்போதே அடுத்ததற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பழையது முடிந்த மறுநாள்தான் புதியது தொடங்கும். நடுவில் வெளியே போய்விட்டு வரத் தேவையில்லை.

இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான் பட்ட பாடு. வேலூரில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். 28-ஆம் தேதி ராத்திரிக்குள் அம்மா ஷெங்கனை விட்டு வெளியேறி மறுநாள் திரும்ப நுழையணும், லண்டன் போய் வாங்க சார் என்றார், லண்டனுக்குத் தனி விசா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம், காசோடு போயிருக்கும். ரெண்டாவதாக ஒன்று சொன்னார் பாருங்கள், "புது விசா தொடங்கினதும் புதுசா 90 நாள் சார், தீபாவளி முடிச்சிட்டே வரட்டும், 22-ஆம் தேதி ரிட்டர்ன் போட்டுடறேன்." தங்கச்சி போனில் துள்ளிக் குதித்தாள். எனக்கும் ஆசைதான். நல்லவேளை டிக்கெட் போடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி. சென்னை, பிறகு ஃபிராங்க்ஃபர்ட்

பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் ஏறியதும் அந்த 90 நாள் கணக்கை அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். எந்த நாளில் நின்று பார்த்தாலும் அன்றைய நாளையும் சேர்த்து பின்னால் 180 நாள் எண்ணணும், அந்த 180-க்குள் 90 நாளுக்கு மேல் அங்கே இருந்திருக்கக் கூடாது. விமானம் இறங்கிய நாளும் ஒரு நாள், ஏறிய நாளும் ஒரு நாள். இதற்கும் எந்த விசா என்பதற்கும் சம்பந்தமில்லை. ராணிப்பேட்டை தாண்டும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டே, "நோட்டு தீந்துபோச்சுன்னு பால்காரன் புது நோட்டு போட்டா, பழைய நோட்டுல குடிச்ச பாலு இல்லன்னு ஆயிடுமா?" என்றார்.

அவ்வளவுதான். டிராவல்ஸ்காரருக்கு இது தோன்றவில்லை.

அம்மாவின் பால் கணக்கு: ஏப்ரல் 22 முதல் ஜூன் 24 வரை 64 நாள். இன்று முதல் அக்டோபர் 7 வரை 19. மொத்தம் 83. இப்படியே தங்கினால் அக்டோபர் 14-ஆம் தேதி சரியாக 90 நிரம்பிவிடும், 15-ஆம் தேதி காலையில் கண் விழித்தால் 91. தீபாவளி 20-ஆம் தேதி. 22-ஆம் தேதி டிக்கெட்டில் வந்திருந்தால் எட்டு நாள் கூடுதலாகத் தங்கினதாகி, அபராதமும் நுழைவுத் தடையும்கூட வரலாம், அடுத்த விசாவுக்கும் ஆப்பு. பேரனைப் பார்க்கப் போகிற 63 வயது அம்மாளுக்கு இது தேவையா.

ஏர்போர்ட் கவுன்ட்டரில் எதிர்பார்த்தது நடந்தது. கவுன்ட்டர் பையன் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தான், விசா 28 வரைதான் இருக்கு, ரிட்டர்ன் 7-ஆம் தேதி, போக முடியாது என்றான். புதுசைக் காட்டினேன். இது 29-இலிருந்துதான் தொடங்குது, இன்னைக்கு செல்லாது என்றான். தனித்தனியாகப் பார்த்தால் அவன் சொன்னது இரண்டுமே சரி. சேர்த்துப் பார்க்கச் சொன்னால் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் ஒரு விசாதான் போட முடியும் என்கிறான். சூப்பர்வைசர் வந்தார், யாருக்கோ போன் போட்டார், இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் தேதியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். இருபத்தைந்து நிமிஷம். பின்னால் நின்றவர்கள் எல்லாம் எங்களைக் கள்ளக்கடத்தல் கோஷ்டி மாதிரி பார்த்தார்கள். கடைசியில் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை, பரவாயில்லை. இந்த மாதிரி இரட்டை விசாவில் போகிறவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், சும்மா சொல்லவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட்டில் காலையில் இறங்கினோம். எல்லைப் போலீஸ்காரருக்கு விசா தேதியில் சந்தேகமே வரவில்லை, இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்து முடித்தார். அவர் தேடியது வேறு: ஜூன் மாதம் வெளியே போன முத்திரை. ஷெங்கன் முத்திரையில் உள்ளே வந்தால் நாலு மூலையும் கூராக இருக்கும், வெளியே போனால் மூலைகள் மழுங்கி இருக்கும், ஓரத்தில் நாட்டின் எழுத்து, குட்டி விமானம், ஒரு அம்புக்குறி. அம்மாவுடைய வெளியேறிய முத்திரை முன்னால் இருந்த ஏதோ ஒரு முத்திரையின் தலைமேல் விழுந்து மை பரவி, 24-ஆ 21-ஆ, எந்த மாதம் என்றே தெரியாமல் கிடந்தது. அவர் பக்கத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெளியே போனதற்கு அடையாளம் இல்லையென்றால் அத்தனை நாளும் உள்ளேயே இருந்ததாகத்தான் கணக்கு, இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா மஞ்சப்பைக்குள் கை விட்டார். காஸ் ரசீது, அரசமரத்தடி ஜோசியர் எழுதிக்கொடுத்த சீட்டு, அதற்கடியில் நாலாக மடித்த ஜூன் 24 போர்டிங் பாஸ். போலீஸ்காரர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு சிரித்தே விட்டார். புது பாஸ்போர்ட்டில் டக்கென்று ஒரு குத்து.

"அன்னிக்கு குப்பையில போடுன்னு சொன்னியே" என்றார் அம்மா, பெட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டு. சொன்னேன்தான்.

செப்டம்பர் 22, திங்கள். ஆஃபன்பாக்

ஏர்போர்ட்டிலிருந்து வண்டி மாறாமல் ஒரே புறநகர் ரயிலில் ஆஃபன்பாக் வந்துவிடலாம். ஊருக்குள் ஒரு ஸ்டேஷனின் பெயரே லெடர்மூசியம், அதாவது தோல் அருங்காட்சியகம். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவனுக்கு ரயில் அறிவிப்பில் அந்தப் பெயரைக் கேட்டதும் எப்படி இருக்கும்! இந்த ஊர் ஒரு காலத்தில் கைப்பை, பர்ஸ், பெட்டி செய்வதற்குப் பேர்போன ஊர். 1917-இல் ஹூகோ எபர்ஹார்ட் என்கிற கட்டடக் கலைஞர், வேலை கற்கும் பிள்ளைகள் பார்த்துப் படிக்கட்டும் என்று தோல் பொருட்களைச் சேர்த்து அருங்காட்சியகமாக வைத்தார். இப்போது பட்டறைகள் பெரும்பாலும் போய்விட்டன, அருங்காட்சியகம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் நம் பக்கம் வேலை இருக்கிறது, ஆறுதான் போய்விட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே காசு கொடுத்துச் சரிசெய்யணும் என்று தீர்ப்பு சொன்னது நம் வேலூர் தோல் கழிவு வழக்கில்தான், இந்தியா முழுக்க சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள், ஆம்பூரில் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு அது தெரியுமா என்று தெரியவில்லை.

சரி, இது விசா கதை. இன்று வேறொன்றும் இல்லை. குழந்தை என்னைப் பார்த்து அழுதான், அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

மழை. ரசம், அப்பளம். தங்கச்சிக்கு வசிப்பு அனுமதி இருக்கிறது, அவளுக்கு இந்த 90 தொல்லை கிடையாது, அந்த அனுமதியில் இருக்கும் நாளெல்லாம் கணக்கில் வராது. அதனால் எங்கள் கணக்கு அவளுக்கு மண்டையில் ஏறவும் இல்லை. "ஏம்மா, ஒரு வாரம்தானே, யாரு பாக்கப்போறாங்க" என்கிறாள். அவளுடைய சமையலறை காலண்டரில் 20-ஆம் தேதியைச் சுற்றி சிவப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு. பாசல்

தங்கச்சியோடு குடியாத்தத்தில் பள்ளிக்கூடம் படித்த தோழி சுவிட்சர்லாந்தில் பாசலில் இருக்கிறாள். குழந்தையைப் பார்க்கணும் வாங்க வாங்க என்று கூப்பிட, நேற்று நாலு பேரும் தள்ளுவண்டியோடு கிளம்பி வந்தோம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஆனால் 2008-இலிருந்து ஷெங்கனில் இருக்கிறது, ஜெர்மன் தூதரகம் கொடுத்த விசாவே இங்கேயும் செல்லும்.

இன்று அம்மாவின் பழைய விசாவுக்குக் கடைசி நாள். அதைக் கொண்டாட வேறெங்கே போவது, மூன்று நாட்டு எல்லைக்கே போனோம். ரைன் நதியில் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. கரையில் ஒரு உலோகத் தூண் நட்டு வைத்திருக்கிறார்கள், ராக்கெட்டை நட்டமாக நிறுத்தினது போல. அங்கிருந்து எட்டாம் நம்பர் டிராம் பிடித்தால் அது எல்லையைத் தாண்டி ஜெர்மனியின் வைல் என்னும் ஊருக்குள்ளேயே போகிறது. வைலிலிருந்து ஒரு நடைபாலம், 248 மீட்டர், 2007-இல் கட்டியது, அந்தக் கோடியில் பிரான்ஸ். நடுவில் நின்று அம்மா கேட்டார், "செக்போஸ்ட் எங்கடா?"

ஆந்திர எல்லையில் பரதராமி செக்போஸ்ட்டில் மாம்பழ லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர். நம்மூரிலிருந்து சித்தூர் போக எந்த பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஆனால் லாரியை நிறுத்தி வைப்பார்கள். இங்கே மூன்று தேசம், பாலத்தில் ஒரு சைக்கிள்காரனும் நாய்க்குட்டியும்தான். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார், பாலாற்றில் கடைசியாக இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடினதை எப்போது பார்த்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

ராத்திரி தோழி வீட்டில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தோம். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் மட்டும் செல்போனில் தேதி மாறுவதைப் பார்த்தேன். அம்மா குறட்டை விட்டபடி ஒரு விசாவிலிருந்து இன்னொரு விசாவுக்குப் போனார்.

செப்டம்பர் 29, திங்கள். ரயிலில்

ஜெர்மனி போன வருஷம் செப்டம்பர் 16-இலிருந்து தன் நில எல்லை எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனை என்று சொல்லி வைத்திருக்கிறது. ஷெங்கனுக்குள் பாஸ்போர்ட்டை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்பி அதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். பாசலில் ரயில் ஏறி, ஜெர்மன் பக்க ஸ்டேஷனில் நின்று கிளம்பியதும் மூன்று போலீஸ்காரர்கள் பெட்டிக்குள் வந்தார்கள், ஒரு பெண், இரண்டு ஆண்.

அந்தப் பெண்தான் எங்கள் இருக்கைக்கு வந்தார். தங்கச்சி அட்டையைக் காட்டினாள், நான் என்னுடையதைக் கொடுத்தேன். அம்மா ரப்பர் பேண்டோடு இரண்டையும் நீட்டினார். அவர் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். மேலே இருந்தது பழைய பாஸ்போர்ட். விசா பக்கத்தைத் திறந்தார், 28.09.25 வரை. நேற்றோடு முடிந்தது. அவருடைய புருவம் லேசாக ஏறியது, நான் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை, இரண்டாவது புத்தகத்தைத் திறந்தார். 29.09.25 முதல். இரண்டையும் ஒரே கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, நுழைந்த முத்திரையை ஒரு தடவை பார்த்தார்.

"பாஸ்ட்" என்றார். பொருந்துகிறது என்று அர்த்தமாம், தங்கச்சி பிறகு சொன்னாள். மணிக்கட்டிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிப் பழையபடி போட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தையின் காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். முழுசாக அரை நிமிஷம் ஆகியிருக்காது. மூன்று மாதமாக நான் தூக்கமில்லாமல் படித்த சட்டம் எல்லாம் இந்த அரை நிமிஷத்துக்கு.

"இவ்ளோதானா?" என்றார் அம்மா. எனக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

பொரி கிடைக்கவில்லை, கார்ன்ஃபிளேக்ஸ் வைத்தோம். தங்கச்சியின் லேப்டாப், குழந்தை தள்ளுவண்டி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வரிசையில் கடைசியாக இரண்டு பாஸ்போர்ட், அம்மாவின் விரலில் குங்குமம். அலறிவிட்டேன். அட்டைக்குத்தானேடா வைக்கப்போறேன் என்றார். அட்டைக்கும் வேண்டாம் என்று பிடுங்கி வைத்துவிட்டு, சமாதானத்துக்காக ரப்பர் பேண்டுக்கு மட்டும் வைக்க அனுமதித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாப்பிள்ளை வந்துவிட்டார். சாப்பிடும்போது அவரும் அதையே ஆரம்பித்தார், அத்தை இன்னும் ஒரு வாரம் இருக்கலாமே, கணக்குப்படி 14 வரை இடம் இருக்கே என்று. உண்மைதான், ஏழு நாள் கையில் இருக்கிறது. ஆனால் 14-ஆம் தேதி விமானம் ரத்தானாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ அந்தக் கடைசி நாளில் என்ன செய்வது? தக்க காரணம் இருந்தால் நீட்டிப்பு கேட்கலாம், அதற்கும் அலைச்சல், காகிதம். என் லீவும் முடிகிறது, அம்மாவைத் தனியாக அந்த கவுன்ட்டர் பையன்களிடம் விட எனக்கு மனசில்லை.

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், காலண்டரில் 20-ஐச் சுற்றியிருந்த வட்டத்துக்குள் சின்னதாக "வீடியோ கால்" என்று எழுதியிருந்தாள். அம்மா இரண்டு நாளாக அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறார், பதினைந்து நாள் முன்கூட்டியே.

அக்டோபர் 8, புதன். குடியாத்தம்

நேற்றுக் காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியேறும் முத்திரை. நான் வேண்டுமென்றே, தெளிவாகக் குத்துங்கள் ஐயா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன், அவர் காலிப் பக்கமாகத் திருப்பிக் குத்தினார். இந்த முத்திரைச் சமாசாரமே முடியப்போகிறது. வருகிற 12-ஆம் தேதியிலிருந்து கைரேகை, முகப்படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முறையைத் தொடங்குகிறார்கள், அடுத்த ஏப்ரல் 10-க்குள் எல்லா எல்லைக்கும் கொண்டுவருவதாகத் திட்டம். நாள் கணக்கை இனி அதுவே போட்டுவிடுமாம். மஞ்சப்பைக்கு வேலை போய்விடும் என்றேன். "கம்பீட்டர்ல கரண்ட் போனா?" என்றார் அம்மா, பையை மடியில் அணைத்தபடி.

நள்ளிரவு தாண்டி சென்னை, விடியும்போது வீடு. சாமி அறைச் சுவரில் தினசரி காலண்டர் செப்டம்பர் 18-லேயே நின்றிருந்தது. அம்மா காபிகூடப் போடாமல் நின்றபடியே ஒவ்வொன்றாக இருபது தாள் கிழித்தார், கசக்கவில்லை, பின்பக்கம் பால் கணக்கு எழுத ஆகும். கிழித்துக்கொண்டே கேட்டார், "இப்ப எவ்ளோ மிச்சம்?"

ஏழு என்றேன். இந்த மாதம் 19-ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் மாதத்துப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிய ஆரம்பிக்கும், டிசம்பர் 21 வந்தால் அந்த 64-ம் போய்விடும், இந்தத் தடவை தங்கின 19 நாளும் கழிந்து முழு 90 கைக்கு வருவது அடுத்த ஏப்ரல் 5.

"பையன் பொறந்தநாளு மே மாசம் வருது" என்றார். பென்சிலை எடுத்து ஒரு தாளின் பின்பக்கத்தில் ஏப்ரல் 5 என்று எழுதி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் குத்தி வைத்துவிட்டு, பால் பாத்திரத்தோடு வாசலுக்குப் போனார்.